அலுவலகத்தில் ‘எனக்கு ஆட்டிசம்’ என்று சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல் முறை நான் சொன்னது ஒரு டீக்கடை வாசலில். ஓஎம்ஆரில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மாதக் கடைசி. இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. டீம் லீட் என்னைக் கீழே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, “என்னம்மா ஆச்சு, யார்கிட்டயும் முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறீங்க?” என்று கேட்டார். “எனக்கு ஆட்டிசம் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் நல்ல மனிதர். “ஐயோ, அப்படியா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அதோடு பேச்சு முடிந்தது. நான் எதையும் கேட்கவில்லை, அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த வாரத்துக்குள் அந்தத் தளத்தில் பாதிப் பேருக்கு விஷயம் போய்விட்டது. கிளையன்ட் அழைப்புகளில் என் பெயர் ஒவ்வொன்றாகக் குறைந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ‘பாவம், அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்’ என்ற நினைப்புதான். என் தலைக்கு மேல் நாளெல்லாம் ரீங்காரமிட்ட டியூப் லைட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை, ஏனென்றால் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது அலுவலகத்தில் ஒரு பக்கத் தாளோடு போனேன். அதில் மூன்று கோரிக்கைகள் இருந்தன. ஆட்டிசம் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. நான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். முதல் தடவை நான் கொடுத்தது ஒரு செய்தி. செய்தியைக் கேட்டவர் வருத்தப்படலாம், பரப்பலாம், மறக்கலாம். கோரிக்கை என்றால் அவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வந்தவைதான்.

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும், ஆட்டிசம் என்று தெரியவந்த பெரியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அரசு வேலைக்கு விதிகள் கொஞ்சம் வேறு. அதைக் கடைசிப் பகுதியில் சேர்த்திருக்கிறேன்.

படி 1: சொல்லத்தான் வேண்டுமா?

சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை முதலில் மனதில் பதியவைத்துக் கொள்ளுங்கள். ‘மறைக்கிறோமே’ என்ற குற்ற உணர்ச்சியில் சொல்லத் தேவையே இல்லை. நாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான். இது தொற்றுகிற விஷயமும் இல்லை, நேற்று வந்த நோயும் இல்லை.

உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: சொன்ன பிறகு என் வேலை நாளில் என்ன மாற வேண்டும்? ‘இடம் மாற வேண்டும்’, ‘திடீர் மீட்டிங் குறைய வேண்டும்’, ‘சொல்வதை எழுத்தில் தர வேண்டும்’ என்று உறுதியான பதில் வந்தால் மேலே படியுங்கள். ‘என்னைப் புரிந்துகொள்ள வேண்டும்’ என்பது மட்டும் பதிலாக வந்தால் கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை நிறைவேற்றித் தர அலுவலகத்தால் முடிவது அபூர்வம். அதற்கு ஒரு நண்பரோ, நம்மைப் போன்ற நான்கு பேரோ வேண்டும்.

பேரைச் சொல்லாமலே கிடைக்கக்கூடிய வசதிகளும் நிறைய உண்டு. “சத்தம் இருந்தா எனக்குக் கணக்கு ஓடாது, ஹெட்ஃபோன் போட்டுக்கறேன் சார்” என்றால் பெரும்பாலான மேலாளர்கள் சரி என்பார்கள். ‘மீட்டிங் முடிந்ததும் முடிவுகளை மெயிலில் போட்டால் நன்றாக இருக்கும்’ என்று யாரும் கேட்கலாம். முதலில் இப்படிக் கேட்டுப் பாருங்கள். இதில் கிடைக்காததற்குத்தான் அந்தச் சொல் தேவைப்படும்.

நம் ஊருக்கே உரிய ஒரு கவலையும் இருக்கிறது. அலுவலகத்தில் சொன்னது அலுவலகத்தோடு நிற்காது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் உங்கள் சித்தப்பாவின் தெருக்காரராக இருப்பார். வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோருக்கே நீங்கள் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். அலுவலகத்தில் சொல்வதற்கு முன், வீட்டில் யாருக்கு எது தெரியலாம் என்பதை முடிவு செய்து வையுங்கள். என் அம்மாவுக்கு இந்தச் செய்தி என் வாயால் போயிருக்க வேண்டும். ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் கேட்டுத்தான் அவருக்குத் தெரியவந்தது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

படி 2: ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இருப்பதிலேயே அதிக வேலை இதில்தான், பலனும் இதில்தான்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, வேலை நாள் ஐந்திலும் எழுதுங்கள். எப்போது தலை கனத்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதிலிருந்து மீள எவ்வளவு நேரம் ஆனது. என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது: ‘11.40. சார் பின்னால் வந்து தோளைத் தட்டி ஒரு நிமிஷம் வாங்க என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. திரும்பி வந்து ரீகன்சிலியேஷனில் (கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில்) விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க 35 நிமிடம்.’ அதே நாள் மதியம்: ‘ஜிஎஸ்டி ஃபைலைக் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுங்க என்றார். சீக்கிரம் என்றால் இன்றா, வியாழனா? கேட்கவில்லை. கையில் இருந்ததை விட்டுவிட்டு அதை எடுத்தேன். அவருக்கு அது வெள்ளிக்கிழமைதான் வேண்டியிருந்தது.’

ஐந்து நாள் முடிந்ததும் பார்த்தால் கஷ்டங்கள் நூறாக இருக்காது. மூன்று நான்குதான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு மூன்று: பின்னாலிருந்து வரும் திடீர்க் குறுக்கீடு, நாள் குறிக்காத வேலை, தலைக்கு மேல் அந்த விளக்கு.

அப்புறம் ஒவ்வொன்றையும் ஒரு ஏற்பாடாக மாற்றுங்கள். ‘எனக்குச் சத்தம் ஆகாது’ என்பது உங்களைப் பற்றிய வாக்கியம். அதை வைத்துக்கொண்டு மேலாளர் ஒன்றும் செய்ய முடியாது. ‘பேன்ட்ரி பக்கத்திலிருந்து சுவரோர இருக்கைக்கு மாற்றித் தாருங்கள்’ என்பதை இன்று மாலைக்குள் செய்து முடிக்கலாம். ‘திடீரென்று கூப்பிட்டால் பதறுகிறேன்’ என்பதை, ‘கூப்பிடும் முன் எதற்கு என்று ஒரு வரி டீம்ஸில் அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். ‘எனக்குப் பூடகமாகச் சொன்னால் புரியாது’ என்பதை, ‘வேலை தரும்போது தேதி, நேரம், முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்று மூன்றையும் மெயிலில் குறிப்பிடுங்கள்’ என்று எழுதுங்கள்.

மூன்று கோரிக்கை போதும். அவற்றில் ஒன்றாவது காசே செலவாகாததாக இருக்கட்டும், அது உடனே நடந்துவிடும். ஒன்று நடந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் வழி பிறக்கும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்களால் நன்றாக முடிவதையும் எழுதுங்கள். கற்பனையாக வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். நான் எழுதியது: ‘ஜூன் மாதம் வெண்டார் கணக்கில் இரண்டு முறை பதிவான ஒரு பில்லைக் கண்டுபிடித்தேன்.’ ஆட்டிசம் என்றாலே மேதை என்று சினிமா பார்த்தவர்கள் எதிர்பார்ப்பார்கள். அந்த வேஷத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம். உங்கள் வேலையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு நிஜமான உதாரணம் போதும்.

படி 3: காகிதங்கள்

மூன்று விதமான காகிதங்கள் உண்டு. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவைக்கு மேல் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்று, மதிப்பீட்டு அறிக்கை. மனநல மருத்துவரோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ தருவது. பல பக்கம் இருக்கும். உங்கள் சிறுவயது, குடும்பம், பள்ளி, மனச்சோர்வு வந்த காலம் எல்லாம் அதில் இருக்கும். இதை ஹெச்ஆரிடம் கொடுக்காதீர்கள். கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு அது தேவையே இல்லை. ஒரு முறை கொடுத்துவிட்டால் அது எந்த ஃபோல்டரில் போய் உட்காரும் என்பது உங்கள் கையில் இல்லை.

இரண்டு, அதே மருத்துவரிடம் கேட்டு வாங்கும் ஒரு பக்கக் கடிதம். ‘இவருக்கு ஆட்டிசம் இருப்பது என் மதிப்பீட்டில் உறுதியாகியுள்ளது, பணியிடத்தில் கீழ்க்கண்ட ஏற்பாடுகள் உதவும்’ என்ற இரண்டு வரியும், உங்கள் மூன்று கோரிக்கைகளும் இருந்தால் போதும். கேட்டால் தருவார்கள். உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் இன்னும் சரியாக எழுதித் தருவார்கள். அலுவலகத்துக்கு இந்தக் கடிதம்தான். பழைய அறிக்கையில் ‘ஆஸ்பெர்கர்’ என்று இருந்தால் பயப்படாதீர்கள். 2013-இல் வந்த, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் அந்தத் தனிப்பெயர் நீக்கப்பட்டு, எல்லாமே ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டது. புதுக் கடிதத்தில் இன்றைய பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

மூன்று, அரசு தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழும் அதோடு வரும் யுடிஐடி எனப்படும் அடையாள அட்டையும். இதற்கு இணையத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழு முன் போக வேண்டும். ஆட்டிசத்துக்கு ‘ஐசா’ எனப்படும் 40 கேள்விகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 70-க்குக் குறைவாக மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. இத்தனை வருடம் பழகிப் பழகி எல்லாவற்றையும் உள்ளே மறைத்து வேலைக்குப் போய்வரும் ஒருவர், அந்த அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்தக் கோட்டைத் தொடாமல் போகலாம். அப்படி நடந்தால் உங்கள் ஆட்டிசம் பொய்யாகிவிடாது. போகும்போது உங்களைச் சிறுவயதிலிருந்து பார்த்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். அம்மாவோ அக்காவோ சொல்லும் இரண்டு சம்பவம் நிறையப் பேசும்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். அரசுத் தமிழில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனை அற்றோர்’ என்று எழுதுவதைப் பார்ப்பீர்கள். முதல் தடவை அதைப் படித்தபோது காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். புற உலகம் எனக்கு அளவுக்கு மீறித் தெரிவதுதானே என் கஷ்டம்! அந்தச் சொல்லை உங்கள் மெயிலில் எழுத வேண்டியதில்லை. ஆட்டிசம் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சான்றிதழில் குறைபாடு 40% அல்லது அதற்கு மேல் என்று இருந்தால், 80யு என்று நாம் பழகியிருக்கும் வருமான வரிக் கழிவில் ரூ.75,000, 80% முதல் என்றால் ரூ.1,25,000 கிடைக்கும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். இதை அலுவலகத்தின் வரிச் சேமிப்புப் படிவத்தில் போட்டால் சம்பளம் போடும் பேரோல் பிரிவுக்கு விஷயம் தெரிந்துவிடும். இன்னும் சொல்லத் தயாராக இல்லை என்றால், அங்கே போடாமல் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

படி 4: சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சொல்லப்பட்ட 21 குறைபாட்டு வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ (நியாயமான வசதி) என்று அந்தச் சட்டம் ஒன்றைச் சொல்கிறது: நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாத, அந்த நபருக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவது. அதை மறுப்பதே பாகுபாடு என்ற வரையறைக்குள் வருகிறது. ஹெச்ஆருக்கு எழுதும்போது இந்தச் சொற்றொடரை இப்படியே பயன்படுத்துங்கள்; அவர்கள் பயிற்சியில் கேட்டிருப்பார்கள், மெயிலைச் சாதாரணமாக ஒதுக்கிவிட மாட்டார்கள்.

21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் இதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். சொல்வதற்கு முன் உங்கள் நிறுவன இணையதளத்தில் ‘ஈக்வல் ஆப்பர்சூனிட்டி பாலிசி’ என்று தேடிப் பாருங்கள். இருந்தால் முழுதாகப் படியுங்கள், யாருக்கு எழுத வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்: இந்த இடத்தில் உங்களுக்கு முன் யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை, நிதானமாகப் போக வேண்டும்.

சான்றிதழில் 40% வரவில்லையே என்று தயங்குபவர்களுக்கு: 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40% தேவை. நியாயமான வசதி கேட்பதற்கு அந்த அளவு நிபந்தனை ஆகாது. எழுத்தாளர் பிடிப்பு எனப்படும் கை நோயால் அவதிப்பட்ட ஒருவர், யுபிஎஸ்சி தேர்வில் எழுதித் தர ஆள் கேட்டுப் போட்ட வழக்கு அது. நம் எல்லோருக்கும் பயன்படுகிறது.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். வேலை விஷயத்தில் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் குறிப்பிடுகிறது. தனியாருக்குப் பொதுவான பாகுபாட்டுத் தடை இருக்கிறது, ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமாக இல்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை அபராதம் ரூ.10,000 வரைதான். அதனால் சட்டத்தை முதல் மெயிலிலேயே ஆயுதமாக நீட்டாதீர்கள். அது உங்கள் பின்னால் நிற்கிறது என்று தெரிந்து பேசினாலே குரல் நிதானமாக இருக்கும்.

படி 5: எப்போது, யாரிடம்

நேர்முகத் தேர்வில் சொல்வதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அந்தத் தேர்வுக்கே ஏதாவது வசதி வேண்டும் என்றால் தவிர. ‘கேள்விகளை எழுத்திலும் தந்தால் நன்றாக இருக்கும்’ என்று மட்டும் கேட்கலாம். சில பெரிய நிறுவனங்கள் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே ஆள் எடுக்கின்றன. எஸ்ஏபி 2013-இல் அப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது. அந்த வழியில் போனால் சொல்வதில் பயமே இல்லை.

வேலையில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் ‘ஏதாவது குறைபாடு உண்டா’ என்று கேட்டிருந்தால் பொய்யாக ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘தவறான தகவல் தந்தால் பணிநீக்கம்’ என்று கீழே ஒரு வரி இருக்கும், அது பின்னால் கடிக்கும். சொல்ல விருப்பமில்லை என்ற தெரிவு இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

புரொபேஷன் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, வேலை ஓரளவு சீராகப் போகும் ஒரு வாரம், இதுதான் நல்ல நேரம். மாதக் கடைசி வேண்டாம். அப்ரைசலுக்கு முந்தைய வாரம் வேண்டாம். திட்டு வாங்கிய அன்றைக்கு நிச்சயமாக வேண்டாம். அன்று சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும். ஒரே விதிவிலக்கு: உங்களைப் பிஐபியில் (வேலை சரியில்லை என்று கெடு வைத்துக் கண்காணிக்கும் திட்டத்தில்) போட்டுவிட்டார்கள் என்றால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எழுத்தில் சொல்லி வசதிகளைக் கேளுங்கள். வேலை போன பிறகு சொல்வதற்கும், போகும் முன்பே சொன்னதாகத் தேதியோடு மெயில் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

யாரிடம்? உங்கள் மேலாளர் இதுவரை உங்களிடம் எப்படி நடந்திருக்கிறார் என்பதை வைத்து முடிவெடுங்கள். மற்றவர்கள் விடுப்பு எடுத்த காரணத்தை உங்களிடம் பேசுகிறவர், உங்கள் காரணத்தை மற்றவர்களிடம் பேசுவார். அப்படிப்பட்டவர் என்றால் ஹெச்ஆருக்கு முதலில். மற்றபடி மேலாளரிடம் நேரில் பேசி, அன்றைக்கே ஹெச்ஆருக்கும் சேர்த்து மெயில் போடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது. மேலாளரைத் தாண்டிப் போனால் அவருக்கு மனத்தாங்கல் வரும். தினமும் முகம் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

படி 6: மெயில்

நான் அனுப்பியதைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். உங்கள் அலுவலகத்தில் எந்த மொழி புழங்குகிறதோ அதில் எழுதிக்கொள்ளுங்கள், வரிசை மட்டும் இப்படியே இருக்கட்டும்.

“வணக்கம் சார். இன்று காலை பேசியதை எழுத்தில் வைக்கிறேன். என் வேலையில் தவறு குறையவும் நேரம் மிச்சமாகவும் மூன்று ஏற்பாடுகள் கேட்கிறேன். 1) பேன்ட்ரி எதிரிலிருந்து, சுவரோரம் காலியாக இருக்கும் இருக்கைக்கு மாற்றம். 2) புதிய வேலை தரும்போது முடிக்க வேண்டிய தேதியை மெயிலில் குறிப்பிடுவது. 3) உடனடி அவசரம் இல்லாதபோது, பேச வருவதற்கு முன் டீம்ஸில் ஒரு வரி. எனக்கு ஆட்டிசம் உள்ளது. மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவற்றை ரீசனபிள் அக்காமடேஷனாகக் கோருகிறேன். இரண்டு மாதம் முயன்று பார்த்து, பயன் உள்ளதா என்று சேர்ந்து பேசலாம். இந்தத் தகவலை உங்களுடனும் ஹெச்ஆருடனும் மட்டும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறு யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் முன்னதாக என்னிடம் கேளுங்கள்.”

மன்னிப்புக் கேட்கும் வரி எதுவும் இதில் இல்லை. ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்’ என்று என் முதல் வரைவில் இருந்தது, என் தோழி அதை அடித்துவிட்டாள். இரண்டு மாதம் என்ற கெடு அவர்களுக்கு ஒரு நிம்மதி. காலத்துக்கும் கட்டுப்பட வேண்டுமோ என்ற பயம் போய்விடும்.

படி 7: அந்தப் பேச்சு

நேரில் பேச நாள் குறிக்கும்போதே, ‘என் வேலை ஏற்பாடு பற்றி 20 நிமிடம்’ என்று எழுதுங்கள். ‘முக்கியமான விஷயம் பேசணும்’ என்று மட்டும் எழுதினால் ராஜினாமா என்று நினைத்துப் பதறுவார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் படிப்பதில் ஒரு தப்பும் இல்லை. நான் அப்படித்தான் செய்தேன். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்ற பாரத்தையும் தாள் எடுத்துக்கொண்டது.

வரக்கூடிய பதில்கள் பெரும்பாலும் இவைதான். “பார்த்தா தெரியலையே!” பாராட்டாகத்தான் சொல்வார்கள். ‘தெரியாமல் இருக்க நான் தினமும் நிறைய உழைக்கிறேன் சார், அந்த உழைப்பு வேலைக்குப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன்’ என்று சொன்னேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி மறுபடியும் படித்தார். அதுவரை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர், அப்போதுதான் பேனாவை எடுத்தார்.

“எங்க அக்கா பையனுக்கும் இருக்கு, அவன் பேசவே மாட்டானே?” இது ஹெச்ஆர் மேடம் கேட்டது. ‘அவனுக்கும் எனக்கும் ஒரே பெயர்தான் மேடம், தேவைகள் வேற’ என்று சொல்லி விட்டுவிடுங்கள். அங்கே உட்கார்ந்து ஆட்டிசம் வகுப்பு எடுக்க வேண்டாம். பேச்சு மறுபடி மூன்று கோரிக்கைக்கு வரட்டும்.

“எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.” இதுதான் எனக்கு மிகவும் வலித்தது, இதற்குத்தான் நோட்டு. ‘11.40-க்கு ஒரு குறுக்கீடு, 35 நிமிடம்’ என்ற பக்கத்தைக் காட்டினால் அந்த வாக்கியம் திரும்ப வராது.

“கிளையன்ட் மீட்டிங்ல இனிமே உங்களைச் சேர்க்கல, ரெஸ்ட் எடுங்க.” கவனம். அன்பாக வரும் இழப்பு இது. உடனே சொல்லுங்கள்: ‘நான் கேட்டது மூன்றுதான். என் பொறுப்புகள் எதையும் குறைக்கச் சொல்லவில்லை.’ இந்த ஒரு வரியை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். முதல் அலுவலகத்தில் என்னிடம் இந்த வரி இல்லை.

பதில் உடனே வேண்டாம், ‘அடுத்த வியாழன் வரை யோசித்துச் சொல்லுங்கள்’ என்று நாள் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். அன்று மாலைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அன்று வீட்டுக்கு வந்து இருட்டில் மூன்று மணி நேரம் படுத்திருக்க வேண்டியிருந்தது.

படி 8: அதற்குப் பிறகு

ஒத்துக்கொண்டதை ஒரு மெயிலாக நீங்களே எழுதி அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் மறதிதான் காரணமாக இருக்கும். என் மேலாளர் தேதி போடாமல் வேலை அனுப்பும்போதெல்லாம் ‘தேதி?’ என்று ஒரு சொல்லில் பதில் போடுவேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டார். இப்போது எல்லோருக்கும் தேதி போட்டுத்தான் அனுப்புகிறார்.

சக ஊழியர்களிடம் சொல்வது உங்கள் விருப்பம். இடம் மாறியதும் யாராவது கேட்பார்கள். ‘அந்த லைட் கண்ணை உறுத்துது’ என்பது உண்மையான, போதுமான பதில்.

சரியாக நடக்கவில்லை என்றால்: தேதி, சொன்னவர், சொன்ன வார்த்தை என்று உங்கள் சொந்த நோட்டில் எழுதிவாருங்கள். முதலில் ஹெச்ஆர், பிறகு தொடர்பு அலுவலர். அதற்கும் மேல், சென்னையில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்தில் புகார் தரலாம். விசாரிக்கும்போது சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு, ஆனால் முடிவில் தருவது பெரும்பாலும் பரிந்துரை. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் அது 92-ஆம் பிரிவில் வரும் குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. இதில் எதையும் தனியாகச் செய்யாதீர்கள். தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் முதலில் கேளுங்கள். கூடவே வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள். சில இடங்களிலிருந்து வெளியே வருவதுதான் உடம்புக்கு நல்லது. நான் வந்தேன்.

அரசு வேலையில் இருந்தால்

4% இட ஒதுக்கீட்டில் 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பொதுவானது. அந்த வழியில் வந்தவர்களின் பணிப்பதிவேட்டிலேயே விஷயம் இருக்கும். மேலதிகாரி மாறும்போது தேவைகளை எழுத்தில் தருவது மட்டும்தான் வேலை. பொதுப் பிரிவில் சேர்ந்து பிறகு தெரியவந்தவர்களுக்கு 20-ஆம் பிரிவின் பாதுகாப்பு நேரடியாக உண்டு, 23-ஆம் பிரிவின்படி குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். கடிதத்தைக் கொடுக்கும்போது நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலாளர் மாறும்போது

இதை யாரும் முன்னால் சொல்லவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் சொன்னது நிறுவனத்திடம் என்று நினைப்பீர்கள், உண்மையில் அது ஒரு மனிதரின் நினைவில்தான் இருக்கும். அவர் மாறினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் அந்த ஒரு பக்கத் தாளைப் புதியவரிடம் முதல் வாரத்திலேயே கொடுங்கள். ‘முன்பிருந்து நடைமுறையில் உள்ள ஏற்பாடுகள்’ என்று தலைப்புப் போடுங்கள். புதிதாகக் கேட்பது போல் இருக்காது.

என் தாள் இதுவரை ஐந்து முறை மாறியிருக்கிறது. விளக்கு மாற்றிவிட்டதால் அந்த வரி போய்விட்டது. கடைசியாகச் சேர்த்தது: ‘தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடிக்கும் நாளை முந்தின நாளே சொல்லவும்.’ போன மாதம் ஒத்திகைக்கு முந்தின நாள் மாலை மெயில் வந்தது, என் ஒருத்திக்கு மட்டும் இல்லை, தளம் முழுக்க எல்லோருக்கும்.